நம்பிக்கையை மக்களவைக்குள் எண்ணுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கட்சித் தாவல் தடைச் சட்டம் போதாது, கொறடாவின் சொல்லை மீறி வாக்களித்தாலே உறுப்பினர் பதவி பறிபோக வேண்டும் என்ற பேச்சு மலேசியாவில் நம்மிடையே அடிக்கடி எழுகிறது. அப்படிப் பேசுகிறவர்கள் கையோடு பிரெக்சிட்டையும், அதாவது பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறியதையும், எடுத்துக் காட்டுகிறார்கள். சொந்தக் கட்சிக்காரர்களே பிரதமர்களைக் கீழே இறக்கினார்கள், 2016 முதல் 2022 வரை பிரிட்டன் ஐந்து பிரதமர்களைக் கண்டது, அந்தக் கதி நமக்கு வேண்டாம் என்பது அவர்கள் வாதம். 2018 மே முதல் 2022 நவம்பர் வரை, அதைவிடக் குறுகிய காலத்தில், நாமும் ஐந்து பிரதமர்களைப் பார்த்தவர்கள்தாம். பிரெக்சிட் குழப்பத்தைப் பாடமாக எடுத்துக்கொள்வதென்றால், அங்கே எது உடைந்தது, எது உடையவில்லை என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

உடைந்தது முதலில் கேள்வியிலேயே. 2016 ஜூன் 23 அன்று வாக்குச் சீட்டில் இருந்தவை இரண்டே கட்டங்கள்: ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிப்பதா, வெளியேறுவதா. வெளியேற 51.9 விழுக்காடு, நீடிக்க 48.1 விழுக்காடு. வெளியேறிய பிறகு சுங்க ஒன்றியத்தில் இருப்பதா, ஒற்றைச் சந்தையில் இருப்பதா, எதிலும் இல்லாமல் போவதா என்று யாரும் வாக்காளரைக் கேட்கவில்லை. குறைந்தபட்ச வரம்பும் வைக்கவில்லை. 1979-இல் ஸ்காட்லாந்துக்குத் தனி மன்றம் அமைக்கக் கருத்து கேட்டபோது, பதிவான வாக்காளர்களில் 40 விழுக்காட்டினர் ஆம் என்று சொல்ல வேண்டும் என அதே நாடாளுமன்றம் விதித்திருந்தது. வாக்களித்தவர்களில் பாதிக்கு மேல் ஆம் என்று சொல்லியும் அந்த வரம்பை எட்டாததால் திட்டம் நின்றுபோனது. 2016-இல் அந்த முன்யோசனை இல்லை.

கேட்கப்படாத கேள்விக்கு நாடாளுமன்றம் பதில் தேட வேண்டி வந்தது. 2017 தேர்தலில் பிரதமர் தெரேசா மே பெரும்பான்மையை இழந்திருந்தார். 650 இடங்களில் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு 317 மட்டுமே. வட அயர்லாந்தின் டி.யு.பி. கட்சியின் 10 உறுப்பினர்கள் வெளியிலிருந்து தாங்கினார்கள். வட அயர்லாந்துக்கும் அயர்லாந்துக் குடியரசுக்கும் இடையில் சோதனைச் சாவடி எதுவும் எழக்கூடாது என்பதற்காக, மாற்று ஏற்பாடு அமையும்வரை பிரிட்டன் முழுவதையும் ஐரோப்பிய சுங்கப் பகுதிக்குள் நிறுத்திவைக்கும் ஓர் இடைக்கால ஏற்பாட்டை மே தம் ஒப்பந்தத்தில் சேர்த்தார். கடும் பிரெக்சிட் ஆதரவாளர்களுக்கு அது கால்விலங்கு. வட அயர்லாந்துக்கு மட்டும் கூடுதல் விதிகள் வருவதால் டி.யு.பி.க்கு அது பிரிவினை. மறு வாக்கெடுப்பு கேட்டவர்களுக்கோ எந்த ஒப்பந்தமும் ஏற்புடையதாக இல்லை. மூன்று தரப்பும் மூன்று வெவ்வேறு காரணங்களுக்காக ஒரே பக்கம் கை தூக்கின.

2019 ஜனவரி 15: ஒப்பந்தத்துக்கு ஆதரவு 202, எதிர்ப்பு 432. எதிர்த்தவர்களில் 118 பேர் மேயின் சொந்தக் கட்சியினர். மறுநாளே எதிர்க்கட்சித் தலைவர் ஜெரமி கோர்பின் கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானம் விவாதத்துக்கு வந்தது. அரசுக்கு ஆதரவு 325, எதிர்ப்பு 306. முந்தின இரவு எதிர்த்த அதே கன்சர்வேட்டிவ் உறுப்பினர்களும் டி.யு.பி.யின் பத்துப் பேரும் அன்று அரசைக் காப்பாற்றினார்கள். வாசகர்கள் சற்று நின்று பார்க்க வேண்டிய இடம் இது. 24 மணி நேரத்துக்குள் ஒரே அவை இரண்டு தனித்தனிக் கேள்விகளுக்கு இரண்டு தனித்தனிப் பதில்களைத் தந்தது. இந்த ஒப்பந்தம் வேண்டுமா என்பது ஒரு கேள்வி. இந்த அரசு தொடரலாமா என்பது வேறொரு கேள்வி.

கொறடாவை மீறினால் பதவி போகும் என்ற விதி அங்கே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த 118 வாக்குகளையும் மறுபக்கம் மாற்றிப் போட்டுக் கணக்கிடுங்கள்: 320க்கு 314. ஒப்பந்தம் ஆறு வாக்கில் தேறியிருக்கும். தொல்லை அன்றே தீர்ந்திருக்குமே என்று சிலர் சொல்லக்கூடும். ஆனால் அந்த எண்ணிக்கை அளப்பது உறுப்பினர்களின் கருத்தை அல்ல, பதவி போய்விடுமோ என்ற அச்சத்தை. தம் ஒப்பந்தத்தில் எந்தப் பகுதியை அவை ஏற்கவில்லை என்று பிரதமருக்கே தெரியாமல் போயிருக்கும். அதே ஒப்பந்தம் மீண்டும் வாக்குக்கு வந்தபோது மார்ச் 12-இல் எதிர்ப்பு 391 ஆனது, மார்ச் 29-இல் 344 ஆனது. ஒவ்வொரு முறையும் யார் எதற்காக மனம் மாறினார், யார் மாறவில்லை என்று நாடே பெயர் பெயராகப் பார்த்தது.

இடையில் சபாநாயகர் ஜான் பெர்கோ, ஒரே கூட்டத்தொடரில் ஒரே தீர்மானத்தை மீண்டும் மீண்டும் கொண்டுவர முடியாது என்று 1604-ஆம் ஆண்டு வரை பின்னோக்கிச் செல்லும் மரபைச் சுட்டிக்காட்டினார். மூன்றாம் முறை அரசு ஒப்பந்தத்தை இரண்டாகப் பிரித்து ஒரு பகுதியை மட்டும் கொண்டுவர வேண்டியதாயிற்று. ஏப்ரல் 1-இல் மாற்று வழிகளை அவையே தனித்தனியாக வாக்குக்கு விட்டபோது, சுங்க ஒன்றிய யோசனை 273க்கு 276 என மூன்றே வாக்கில் தோற்றது. அலுப்பூட்டும் வேலைதான். ஆனாலும் எந்த எண்ணும் அவைக்கு வெளியே, ஹோட்டல் அறையில் பிறக்கவில்லை.

கட்சிக்குள் நடந்த சண்டைக்கும் தனி விதி இருந்தது. அப்போதைய கன்சர்வேட்டிவ் விதிப்படி, கட்சியின் எம்.பி.க்களில் 15 விழுக்காட்டினர், அதாவது 48 பேர், பின்னிருக்கை உறுப்பினர் குழுவின் தலைவருக்குக் கடிதம் கொடுத்தால் தலைமை மீது வாக்கெடுப்பு. 2018 டிசம்பர் 12-இல் மே 200க்கு 117 என வென்றார். வென்றவரை ஓராண்டுக்கு மீண்டும் அசைக்க முடியாது. தலைமைக்கான பூசல் கட்சியோடு நின்றது. ஆட்சிக்கான கேள்வி அவைக்கு வந்தது.

அடுத்து 2019 செப்டம்பர் 3. போரிஸ் ஜான்சன் பிரதமர். ஒப்பந்தம் இல்லாமல் வெளியேறுவதைத் தடுக்க அவையின் நிகழ்ச்சி நிரலையே உறுப்பினர்கள் 328க்கு 301 எனக் கைப்பற்றினார்கள். அரசை மீறி வாக்களித்த 21 கன்சர்வேட்டிவ் உறுப்பினர்களை அன்றிரவே கட்சி அணியிலிருந்து நீக்கியது. நீண்டகாலம் அமைச்சராக இருந்த கென் கிளார்க்கும், சில வாரங்களுக்கு முன்புவரை நிதியமைச்சராக இருந்த பிலிப் ஹேமண்டும் அவர்களில் இருவர். ஆனால் யாருடைய தொகுதியும் காலியாகவில்லை. நீக்கியதும் இடம் காலி என்றிருந்தால், பெரும்பான்மை இழந்த பிரதமர் தம்மை எதிர்ப்பவர்களை நீக்கியே அவையின் எண்ணிக்கையை மாற்றிவிடலாம். அக்டோபர் இறுதியில் அவர்களில் பத்துப் பேரைக் கட்சியே திரும்பச் சேர்த்துக்கொண்டது. மீதிக் கணக்கை டிசம்பரில் வாக்காளர்கள் தீர்த்தார்கள். அந்த ஆண்டு தொடக்கத்தில் லேபர், கன்சர்வேட்டிவ் இரண்டிலிருந்தும் விலகித் தனிக் குழு அமைத்தவர்களில் ஒருவர்கூட அந்தத் தேர்தலுக்குப் பின் அவைக்குத் திரும்பவில்லை.

இனி நம் பக்கம். 2022 அக்டோபர் 5-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 49ஏ பிரிவு, கட்சியிலிருந்து தானாக விலகும் உறுப்பினரின் இடத்தைக் காலியாக்குகிறது. கட்சி நீக்கினால் இடம் போகாது. இதைப் பலரும் ஓட்டை என்கிறார்கள். மேலே சொன்ன 21 பேரை நினைத்துப் பாருங்கள், அது ஓட்டை அல்ல, வேண்டிப் போட்ட கதவு. உண்மையான ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. உறுப்பினர் தகுதியை 'இழப்பவருக்கும்' பிரிவு பொருந்தும். கட்சித் தலைமையின் ஆணையை மீறினால் உறுப்பியம் தானாக முடிந்துவிடும் என்று கட்சி தன் சட்டவிதியில் எழுதிக்கொண்டால், நீக்கம் என்ற சொல்லே இல்லாமல் நீக்கிவிடலாம். பெர்சத்து கட்சி 2024-இல் எடுத்த வழி இதுதான். பிரதமருக்கு ஆதரவு தெரிவித்த ஆறு உறுப்பினர்களின் இடங்கள் காலியாகவில்லை என்று அவ்வாண்டு ஜூலையில் சபாநாயகர் டான்ஸ்ரீ ஜொஹாரி அப்துல் முடிவு செய்தார். அந்த முடிவை எந்த அணிக்குச் சாதகம் என்று பார்க்காமல், எந்தக் கட்சியும் பின்னால் இதே வழியில் போகலாம் என்று பார்க்க வேண்டும்.

இதைவிடப் பெரிய குறை, நம்பிக்கையை நாம் எண்ணும் இடம். 2020 பிப்ரவரியில் பிரதமர் துன் டாக்டர் மகாதீர் பதவி விலகியபோது, தம் ஆதரவு யாருக்கு என்று மாமன்னரிடம் சொல்ல உறுப்பினர்கள் ஒவ்வொருவராக அரண்மனைக்குச் சென்றார்கள். மே மாதம் அவர் கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானத்தைச் சபாநாயகர் ஏற்றும் அது விவாதத்துக்கு வரவில்லை. மே 18-இல் ஒரே நாள் கூடிய அவையில் மாமன்னர் உரை மட்டுமே. அரசு அலுவல்களுக்கே முன்னுரிமை என்பதால் உறுப்பினரின் தீர்மானம் வரிசையின் அடியில் கிடக்கும். அதே ஆண்டு நவம்பர் 26-இல் வரவுசெலவுத் திட்டம் கொள்கை அளவில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. பெயர் பெயராக எண்ண 15 பேர் எழுந்து நிற்க வேண்டும். நின்றவர்கள் 13. இறுதிக் கட்டமாக டிசம்பர் 15-இல் எண்ணியபோது 111க்கு 108! இவ்வளவு நூலிழையில் இருந்த ஆட்சியின் பலம் நாட்டுக்கு ஒன்பது மாதம் தெரியாமலே இருந்தது. 2022 டிசம்பர் 19-இல் பிரதமர் டத்தோஸ்ரீ அன்வாரின் அரசு தானாகவே நம்பிக்கைத் தீர்மானம் கொண்டுவந்தது பாராட்டத்தக்கது. அதுவும் குரல் வாக்கெடுப்பிலேயே முடிந்ததால் யார் ஆதரித்தார் என்ற பதிவு இல்லை.

சட்டமும் இரண்டு பக்கம் பேசுகிறது. 1966-இல் சரவாக்கின் ஸ்டீபன் காலோங் நிங்கான் வழக்கில் நம்பிக்கையைச் சட்டமன்றத்தில்தான் சோதிக்க வேண்டும் என்றது நீதிமன்றம். 2010-இல் பேராக் வழக்கில் வேறு வழிகளிலும் அறியலாம் என்றது கூட்டரசு நீதிமன்றம். அதன் பிறகு, யாருக்கு ஆதரவு என்று உறுப்பினர்கள் கையெழுத்திட்டுத் தரும் சத்தியப் பிரமாணப் பத்திரங்களுக்குத் தனி மதிப்பு வந்துவிட்டது. காலையில் ஒருவருக்கும் மாலையில் இன்னொருவருக்கும் கையெழுத்திடலாம். அவையில் எழுந்து நின்று அளித்த வாக்கை அப்படி மாற்ற முடியாது.

செய்ய வேண்டியது பெரிய வேலை அல்ல. எதிர்க்கட்சித் தலைவரின் நம்பிக்கையில்லாத் தீர்மானம் குறிப்பிட்ட அமர்வு நாட்களுக்குள் மற்ற அலுவல்களுக்கு முன்னதாக எடுக்கப்பட வேண்டும். நம்பிக்கைத் தீர்மானமும் வரவுசெலவுத் திட்டமும், 15 பேர் எழுந்தாலும் எழாவிட்டாலும், பெயர் பெயராக எண்ணப்பட வேண்டும். இரண்டுக்கும் அவையின் கூட்ட விதிகளைத் திருத்தினால் போதும், சாதாரணப் பெரும்பான்மை போதும். அவையில் அளித்த வாக்கைக் காரணம் காட்டிக் கட்சி உறுப்பியத்தை முடிக்கக்கூடாது என்பதற்கு மட்டுமே அரசியலமைப்புத் திருத்தம் வேண்டும், அதற்கு 222-இல் 148 வேண்டும். அதற்காக முதல் இரண்டையும் நிறுத்திவைக்க வேண்டியதில்லை.

பினாங்கு இதில் முந்தலாம். கட்சித் தாவலுக்கு எதிராக 2012-லேயே மாநில அளவில் விதி கொண்டுவந்தோம். அது செல்லும் என்று 2022 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றமும் உறுதி செய்தது. 40 இடங்கள் கொண்ட நம் சட்டமன்றத்தின் கூட்ட விதிகளில் மேலே சொன்ன இரண்டு திருத்தங்களையும் சேர்க்கும் தீர்மானத்தை அடுத்த கூட்டத்தொடரிலேயே கொண்டுவருமாறு மாநில அரசையும் எதிர்க்கட்சியையும் உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

வாசகர்,
புக்கிட் மெர்தாஜாம், பினாங்கு