சிவப்புத் துணி ஒட்டிய கேசட்

அன்புள்ள அண்ணாவுக்கு,

தி சில்ஸ் குழுவின் பாடகர் மார்ட்டின் ஃபிலிப்ஸ் இறந்து ஓராண்டு கடந்துவிட்டது. 2024 ஜூலை 28 அன்று, 61 வயதில் அவர் போய்விட்டார் என்ற செய்தியைப் படித்தவுடன் உங்கள் எண்ணைத் தேடி எடுத்தேன். அழைக்கவில்லை. 2022இல் தி கிளீன் குழுவின் ட்ரம்ஸ் கலைஞர் ஹேமிஷ் கில்கோர் மறைந்தபோதும் அப்படித்தான் எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தேன். நியூசிலாந்தின் டனீடின் நகரத்து இசைக்காரர் ஒருவர் இறந்தால் துக்கம் கேட்பதற்கு எனக்கு இந்த ஊரில் இருக்கிற ஒரே வீடு உங்களுடையது. அந்த வாசலை நானே அடைத்துக்கொண்டேன்.

பலரும் படிக்கும் இடத்தில் இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2007இல் நான் எழுதிய கட்டுரையும் பலர் படித்ததுதான். "பழைய சாமான் கடையில் கிடைத்த கேசட் ஒன்றிலிருந்து" இந்த இசையை நானே கண்டுபிடித்ததாக அதில் சொல்லியிருந்தேன். அது பொய். அப்படி ஒரு கடையே கிடையாது. அந்தக் கேசட்டுகளெல்லாம் நீங்கள் டனீடினில் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில், அறை நண்பர்களின் இசைத்தட்டுகளிலிருந்து ஒவ்வொன்றாகப் பதிவுசெய்து கொண்டுவந்தவை. ஊரறியச் சொன்ன பொய்யை உங்கள் காதில் மட்டும் திருத்திச் சொன்னால் போதாது என்று தோன்றியது.

உங்கள் வீட்டு மாடியறையில் ஒரு மே மாத இரவு எனக்குத் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. தி கிளீன் குழுவினர் 1981இல் வெளியிட்ட 'பூடில் பூடில் பூடில்' என்ற சிறு தட்டின் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. கிதார் ஒலி கம்பளிக்குள்ளிருந்து வருவது போல அமுங்கி அமுங்கி வந்தது. மட்டமான ஒலிப்பதிவு என்று நான் சொன்னேன். நீங்கள் பதில் சொல்லாமல் கேசட்டை வெளியே எடுத்து, கடிகாரம் பழுதுபார்க்கும் சின்னத் திருப்புளியால் அதன் ஐந்து திருகாணிகளையும் கழற்றினீர்கள். நாடாவைப் பின்னாலிருந்து அழுத்திப் பிடிக்கும் துணுக்குத் துணி உதிர்ந்துபோய், செம்புத் தகடு மட்டும் பளபளத்துக்கொண்டிருந்தது. அம்மாவின் பழைய நகைப்பெட்டியின் அடியிலிருந்து சிவப்புத் துணியை அரிசி அளவுக்கு வெட்டி ஒட்டிவிட்டு, பசை காயட்டும் என்று காத்திருந்தோம்.

அந்த ஒரு மணி நேரத்தில்தான் நான்கு தட ஒலிப்பதிவு என்றால் என்னவென்று எனக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள். மூன்று தடங்களில் வாசித்ததை நான்காவதில் ஒன்றாகக் கலந்து இறக்கிவிட்டு, காலியான மூன்றிலும் மறுபடி வாசிக்கலாம் என்றும், இறக்கும் ஒவ்வொரு முறையும் நாடாவின் இரைச்சல் ஒரு படி ஏறும் என்றும், டால் ட்வார்ஃப்ஸ் என்ற இருவர் குழுவின் கிறிஸ் நாக்ஸ் தன்னுடைய நான்கு தட இயந்திரத்தை வைத்துக்கொண்டுதான் இந்தப் பாட்டுகளைப் பதிவுசெய்தார் என்றும் சொன்னீர்கள். ஒட்டிய பிறகு கேசட்டைப் போட்டோம். கிதார் கண்ணாடி போலத் தெளிந்து வந்தது. ஆனால் அதற்குப் பின்னால் மெல்லிய இரைச்சல் மட்டும் போகவில்லை. "இது என் கேசட்டோட இரைச்சல் இல்லடா. அவங்க வாசிச்ச ரூமோட இரைச்சல்" என்றீர்கள். பழுதையும் பதிவையும் பிரித்துக் கேட்க நான் கற்றது அன்றைக்குத்தான். லோ-ஃபை என்கிற, எளிய கருவிகளில் இரைச்சலோடு பதிவான இசையைப் பற்றி அதன் பிறகு நான் எழுதிய ஒவ்வொரு வரியும் அந்த ஒரு வாக்கியத்தின் விரிவு.

அப்படியிருந்தும் ஏன் உங்கள் பெயரை மறைத்தேன்? கேசட்டுகள் இருந்த அட்டைப்பெட்டியை என் கையில் கொடுத்தபோது, யாருக்கும் பதிவுசெய்து கொடுக்கக் கூடாது, யாரிடம் கிடைத்தது என்றும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டவர் நீங்கள். எழுதாமலும் இருக்க முடியவில்லை, உங்கள் பெயரையும் சொல்ல முடியவில்லை. ஆகவே ஒரு கடையை உண்டாக்கினேன். இப்படித்தான் எனக்கு நானே பல ஆண்டுகள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதில் பாதி உண்மை. மீதிப் பாதி, கண்டுபிடித்தவன் என்ற பெயர் எனக்கு வேண்டியிருந்தது.

ஆனால் அண்ணா, அந்தச் சத்தியமும் நியாயமானதல்ல. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் ஓர் இசைத்தட்டுக் கடையை நடத்திவந்த ரோஜர் ஷெப்பர்ட் 1981இல் ஃபிளையிங் நன் என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கியது, இந்தப் பாட்டுகளை யாரும் கேட்கக் கூடாது என்பதற்காகவா? தி கிளீன் குழுவின் 'டாலி ஹோ' பாட்டைச் சுமார் ஐம்பது டாலர் செலவில் பதிவுசெய்து, நியூசிலாந்து விற்பனைப் பட்டியலில் 19ஆம் இடம்வரை கொண்டுபோனார்கள். 1982இல் தி சில்ஸ், தி வெர்லேன்ஸ், ஸ்னீக்கி ஃபீலிங்ஸ், தி ஸ்டோன்ஸ் ஆகிய நான்கு குழுக்களும் இரண்டு தட்டுகளில் ஆளுக்கொரு பக்கமாகப் பகிர்ந்துகொண்டன. எல்லோருக்கும் கேட்கட்டும் என்று அவர்கள் பாடியதை நீங்கள் அலமாரியில் வைத்துப் பூட்டினீர்கள். பத்துப் பேருக்குப் பிடித்துவிட்டால் அந்தப் பாட்டு செத்துவிட்டது என்பீர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் நடந்ததை இங்கே எழுத மாட்டேன்; அன்று உடனிருந்தவர்களும் இதைப் படிப்பார்கள். என் காது "சினிமாப் பாட்டுக் காது" என்று எல்லோர் முன்னாலும் சொன்னீர்களே, அது மட்டும் இன்னும் எனக்கு ஆறவில்லை.

சத்தியத்தை மீறி நான் பலருக்குக் கொடுத்தேன். அதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை. ஒருவருக்கு லுக் புளூ கோ பர்ப்பிள் குழுவின் மூன்று சிறு தட்டுகளையும் கொடுத்தேன்; ஐந்து பெண்கள் சேர்ந்து புல்லாங்குழலும் கீபோர்டும் வைத்து இப்படி வாசித்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டு, அவர் தன் கைபேசியிலேயே பாட்டுகளைப் பதிவுசெய்யத் தொடங்கினார். அவற்றில் மின்விசிறிச் சத்தம் கேட்கும். நீங்கள் கேட்டால் ரசிப்பீர்கள். நாக்ஸின் டால் ட்வார்ஃப்ஸ் பாட்டுகள் வேண்டும் என்று இப்போதும் யாராவது கேட்கிறார்கள். தனி ட்ரம்ஸ் கலைஞர் இல்லாமல், கைதட்டலையும் நாடாத் துண்டுகளையும் சுழலவிட்டு இரண்டே பேர் எவ்வளவு செய்திருக்கிறார்கள் என்று சொல்லித்தான் கொடுக்கிறேன். 2009இல் பக்கவாதம் வந்து நாக்ஸின் பேச்சு போனபோது, அவருக்கு உதவ வெளியான தொகுப்பில் அமெரிக்க இசைக்குழுவான யோ லா டெங்கோவும் அமெரிக்கப் பாடகர் ஜெஃப் மேங்கமும் அவர் பாட்டுகளைப் பாடினார்கள். உலகத்தின் அந்தக் கோடியில் பதிவான பாட்டுகள் அமெரிக்காவில் இருந்தவர்கள் மனதில் இடம்பிடித்திருந்ததால்தான் அது நடந்தது.

நான் மன்னிப்புக் கேட்பது வேறொன்றுக்கு. தி சில்ஸ் குழுவின் ட்ரம்ஸ் கலைஞர் மார்ட்டின் புல் இரத்தப் புற்றுநோயால் 1983இல் இறந்ததையும், அவர் வாசித்த 'பிங்க் ஃப்ராஸ்ட்' மறு ஆண்டு அவருக்குக் காணிக்கையாக வெளிவந்ததையும் நீங்கள்தான் சொன்னீர்கள். அந்தப் பாட்டைத் தனியாகக் கேள் என்று சொல்லிவிட்டு மாடிப்படி இறங்கிப் போனீர்கள். புல் தன் தோல் மேல்சட்டையை ஃபிலிப்ஸுக்கு விட்டுச்சென்றார். ஃபிலிப்ஸ் அதைப் போட்டுக்கொண்டார். 1986இல் அதைப் பற்றியே ஒரு பாட்டும் கட்டி, அது மறைந்த நண்பனுடையது என்று பாடினார். நானும் நீங்கள் கொடுத்ததைத்தான் போட்டுக்கொண்டு திரிந்தேன். கடையில் கிடைத்தது என்று சொல்லிக்கொண்டு.

பெட்டியைப் பதிவு அஞ்சலில் அனுப்புகிறேன். பதினாறு கேசட்டுகள் இருக்கும். உங்கள் கையெழுத்து உள்ள அட்டைகள் எதுவும் கிழியவில்லை. இரண்டில் பூஞ்சை பிடித்திருந்தது, துடைத்துவிட்டேன். பதினேழாவதை, அந்தச் சிவப்புத் துணி ஒட்டியதை, அனுப்பவில்லை. அதன் பசை மறுபடி விட்டுவிட்டது. அஞ்சல் பையில் போட்டால் துணி உதிர்ந்துவிடும். உங்களுக்குச் சம்மதமென்றால் நேரில் கொண்டுவருகிறேன். திருப்புளியை எடுத்து வையுங்கள்.

அன்புடன்,
தம்பி