கொடை ஸ்கூல் படங்கள் பிழைத்துவிட்டன: கை கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள கொடைக்கானல் நண்பர்களுக்கு,

மழையில் நனைந்த படங்களில் கடைசிக் கட்டும் நேற்று இரவு காய்ந்துவிட்டது. அந்த மழையில் என்ன ஆனது என்று உங்களுக்கெல்லாம் தெரியும். மறுபடி எழுத மனசு வரவில்லை. கொடை ஸ்கூலைப் (கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல்) பற்றி அப்பா காலத்திலிருந்து வீட்டில் சேர்த்து வைத்த படங்களும் கடிதங்களும் பெரும்பாலும் தப்பிவிட்டன.

முதல் நன்றி எங்கள் தெரு இஸ்திரி அண்ணனுக்கு. பெயரைப் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு ஆளுக்கொரு யோசனை: வெயிலில் போடு (வெயிலுக்கு எங்கே போவது?), நியூஸ்பேப்பரில் சுற்று, பெட்டி போட்டு எடு. பெட்டியை நம்பிப் பிழைக்கிறவர்தான் பெட்டி வேண்டாம் என்றார். “சூடு பட்டா படம் இளகிடும் தம்பி. பேப்பரும் வேணாம், அதுல இருக்கிற மை இதுல ஏறிடும்.” மேசையில் கிடந்த துணிகளை ஓரங்கட்டிவிட்டு, வெளுத்த வெள்ளைப் பருத்தித் துணியை விரித்து, ஒவ்வொரு தாளாக வைத்தார். துணி ஈரம் குடித்ததும் வேறு துணி மாற்றினார். சீசன் நேரத்தில் நாள் முழுக்கக் கடையை மூடி வைத்துக்கொண்டு இந்த வேலை.

ஒரு படம் வந்ததும் கை நின்றுவிட்டது. ஹாஸ்டல் பின்பக்கம், கொடி நிறையப் பிள்ளைகளின் சட்டைகள். அண்ணனுடைய பாட்டி அங்கே சலவைக்குத் துணி எடுத்தவராம். துவைத்தாலும் போகாத சேராங்கொட்டைப் பாலில் காலருக்குள் குறி போடுவார்களாம். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி, குறியைப் பார்த்தே எந்தப் பிள்ளையின் சட்டை என்று சொல்லிவிடுவாராம்.

இந்தப் பள்ளியின் கதையை யார் சொன்னாலும் ஒரே தடத்தில்தான் போகிறது. 1901இல் மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக ஹைகிளார்க் என்ற பெயரில் தொடங்கியது, பிறகு சர்வதேசப் பள்ளியானது, 1976இல் இந்தியாவிலேயே முதலில் ஐபி டிப்ளமோ என்ற பன்னாட்டு மேல்நிலைப் படிப்பைக் கொண்டுவந்தது. எல்லாம் சரி, பெருமைதான். ஆனால் மலைச்சாலை வருவதற்கு முன்னால் அம்மையநாயக்கனூரில் ரயிலை விட்டு இறங்கி, மாட்டுவண்டியில் அடிவாரம் வந்தவர்களை டோலியில் சுமந்து ஏற்றியது யார்? சட்டைக்குக் குறி போட்டது யார்? என்னிடம் இருக்கும் எந்தப் படத்தின் அடியிலும் அவர்கள் பெயர் இல்லை. இனிமேல் இந்தப் படங்களை எங்கே வைத்தாலும், சமையல்கட்டிலும் சலவையிலும் இருந்தவர்களை விசாரித்துப் பெயர் எழுதாமல் வைக்க மாட்டேன். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது அங்கே வேலை பார்த்திருந்தால் சொல்லி அனுப்புங்கள், நானே வீட்டுக்கு வருகிறேன்.

அப்புறம், ஃபேன் தூக்கிக்கொண்டு வந்த பக்கத்து வீட்டார். ஒட்டிக்கொண்ட படங்களைப் பிய்க்காதே, சுத்தமான தண்ணீரில் ஊறப் போட்டுப் பிரி என்று போனிலேயே சொல்லிக்கொடுத்த ஸ்டுடியோ தம்பி. கேட்காமலே தங்களிடம் இருந்த நகல்களை அனுப்பிய பழைய மாணவர்கள், போர்டிங்கும் டே ஸ்காலரும். ராத்திரி டீ கொடுத்த கடைக்காரர். எல்லோருக்கும் நன்றி.

அண்ணனின் வெள்ளைத் துணியெல்லாம் மை இறங்கி நீலமாகக் கிடக்கிறது. துவைத்துத் தருகிறேன் என்றேன். “நீங்க துவைச்சா வெளுக்காது, அப்படியே குடுங்க” என்றார்.