கிழக்கு மக்களைக் கேட்காமல் இணைப்பும் வேண்டாம், பிரிப்பும் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கையின் வடக்கு கிழக்கு மாகாணங்களின் இணைப்புக்கு இனி இடமில்லை என்று உயர் நீதிமன்றம் 2006இல் தீர்த்துவிட்டதாகத் தங்கள் பத்திரிகைக் கட்டுரை ஒன்றில் வாசித்தேன். அது சரியல்ல. நீதிமன்றம் பிழை கண்டது இணைப்பைச் செய்த முறையில்தான். ஆயுதங்கள் ஒப்படைக்கப்பட்ட பிறகே இணைக்கலாம் என்று மாகாண சபைகள் சட்டத்தில் நிபந்தனை இருந்தது. 1988இல் ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தன அதை அவசரகால ஒழுங்குவிதியால் மாற்றிவிட்டு இணைப்பைப் பிரகடனம் செய்தார். அப்படி மாற்ற அவருக்கு அதிகாரமில்லை என்பதே தீர்ப்பு. அடுத்தடுத்த மாகாணங்களைப் பாராளுமன்றம் சட்டமியற்றி ஒன்றாக்கலாம் என்ற 154அ உறுப்புரை இன்றும் அரசியலமைப்பில் இருக்கிறது.

என் ஆதங்கம் வேறு. 1987 இந்திய இலங்கை ஒப்பந்தம் கிழக்கு மக்களுக்கு ஒரு சர்வஜன வாக்கெடுப்பை உறுதியளித்தது. 1988 டிசம்பர் 31க்குள், வடக்கோடு இருப்பதா தனியாக இருப்பதா என்று நாங்களே தீர்மானிக்க வேண்டும், சாதாரண பெரும்பான்மை போதும், இடம்பெயர்ந்தவர்களுக்கும் வாக்குண்டு, பிரதம நீதியரசர் தலைமையில் ஒரு குழு கண்காணிக்கும். எல்லாம் எழுத்தில் இருந்தது. ஆனால் ஜனாதிபதிகள் மாறி மாறித் தள்ளிப்போட்டார்கள். இணைத்தபோதும் எங்களைக் கேட்கவில்லை, 2007 தொடக்கத்தில் பிரித்தபோதும் கேட்கவில்லை.

நம் பிள்ளைகள் பலர் வாழும் சுவிஸில், பேர்ண் மாநிலத்திலிருந்து ஜூரா பிரிந்த விதத்தைப் பாருங்கள். அங்கும் 1960களில் தீவைப்புகளும் குண்டுவெடிப்புகளும் நடந்தன. 1974இல் ஜூராப் பகுதியின் ஏழு மாவட்டங்களும் வாக்களித்தன, பிரிவுக்குப் பெரும்பான்மை கிடைத்தது. அதோடு விடவில்லை. விருப்பமில்லாத தென் மாவட்டங்களை 1975இல் மறுபடி கேட்டார்கள், அவை பேர்ணிலேயே நின்றுகொண்டன. எல்லையோர ஊர்களையும் தனித்தனியே கேட்டார்கள். 1978இல் முழு நாடும் வாக்களித்துச் சம்மதித்த பிறகே, 1979இல் ஜூரா தனி மாநிலமானது. பேர்ணில் நின்ற மூட்டியே நகரம் பிற்காலத்தில் ஜூராவோடு சேர விரும்பியது. 2017 வாக்கெடுப்பு முறைகேடுகளால் இரத்தானது. 2021இல் மீண்டும் வாக்களித்து, 54.9 வீதம் ஆதரவு பெற்று, 2026 ஜனவரி 1இல் அது ஜூராவோடு சேர்ந்தது.

நான் நாட்டைப் பிரிப்பதைப் பேசவில்லை. நாட்டை விட்டுப் போவதற்கே கனடா உயர் நீதிமன்றம் 1998இல் கியூபெக் மாகாண விடயத்தில் தெளிவான கேள்வி, தெளிவான பெரும்பான்மை, அதன் பின் பேச்சுவார்த்தை என்றுதான் வழி சொன்னது. மாகாண எல்லைக்கு அந்த நேர்மைகூட வேண்டாமா?

சம்மாந்துறை, அக்கரைப்பற்று முஸ்லிம் மக்கள் இணைப்பை நினைத்து அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. 1990இல் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் விரட்டப்பட்டதை எப்படி மறப்பார்கள்? அம்பாறைச் சிங்கள மக்களும் இந்த மாகாணத்தின் வாக்காளர்களே. இவர்களோடு பேசாமல் மேடையில் மட்டும் இணைப்பு என்று முழங்குவதை, தமிழனாகிய என்னால் ஏற்க முடியவில்லை.

இணைப்புக் கேட்கும் கட்சிகள் தங்கள் சட்டமூலத்தை எழுதி வெளியிடட்டும். வாக்குச்சீட்டில் கேள்வி என்ன, எத்தனை வீதம் வேண்டும், மறுக்கும் பிரதேசங்களுக்கு என்ன வழி, முஸ்லிம்களுக்கு என்ன காப்பு என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். அதை மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அம்பாறையிலும் வந்து எங்கள் முன் வாசிக்கட்டும்.

வாசகர்,
களுவாஞ்சிகுடி