சென்னையில் ஐ.சி.யு. பிரதராக (ஆண் நர்ஸாக) வேலை பார்க்கும் மகனுக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள மக்களே,

போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். அப்பா இதை டைப் செய்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். எழுத்துப் பிழை இருந்தால் அவர் கணக்கில் எழுதிக்கொள்.

நீ சொன்னதில் ரெண்டு விஷயம் மனசில் உறுத்திக்கொண்டே கிடக்கிறது. ஒன்று, ஐ.சி.யு. வாசலில் ஒரு நோயாளியின் மகன் உன் சட்டையைப் பிடித்தது. மற்றது, நாலாம் நம்பர் பெட் இறந்த கொஞ்ச நேரத்தில் நீ கேன்டீனில் போய் பிரியாணி சாப்பிட்டுவிட்டு, "எனக்கு ஒண்ணுமே தோணலம்மா, நான் கல்லாயிட்டேனா" என்று கேட்டது.

இரண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறேன். பசி வேற, கல்மனசு வேற. ராத்திரி முழுக்க நின்ற உடம்பு சோறு கேட்கத்தான் செய்யும். நானும் நர்ஸ்தானே, பிணத்தைத் துடைத்து அனுப்பிவிட்டு வந்து புட்டும் பயறும் தின்றிருக்கிறேன். எனக்கு உறுத்தியது பிரியாணி இல்லை. அந்த மனுஷனைப் பற்றிப் பேசி முடிக்கும்வரை நீ அவர் பெயரைச் சொல்லவே இல்லை. நாலாம் நம்பர், நாலாம் நம்பர் என்றே சொன்னாய். வெளியே பேசும்போது பெயரை மறைப்பது முறைதான், அது எனக்குத் தெரியும். ஆனால் "ஒரு தாத்தா" என்றுகூட உன் வாயில் வரவில்லை.

இதற்கு ஒரு பெயர் உண்டு. பேர்ன்அவுட் என்று எங்களுக்குப் பயிற்சி வகுப்பில் சொல்லித் தந்தார்கள். கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற அமெரிக்க உளவியலாளர் இதை அளப்பதற்கு 1981-ல் ஒரு கேள்வித்தாளையே கொண்டுவந்தார். அதில் மூன்று சங்கதிகள் பார்க்கிறார்கள்: மனசு வற்றிப்போவது, எதிரே இருக்கிற ஆளை ஒரு பொருள்போலப் பார்க்க ஆரம்பிப்பது, நான் செய்கிற வேலையால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று தோன்றுவது. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் தன் நோய்ப் பட்டியலின் புதிய பதிப்பில் இதைச் சேர்த்தது. ஆனால் நோய் என்று அல்ல. வேலையிடத்தின் தீராத அழுத்தத்தால் வருகிற ஒரு நிலை என்றுதான் சேர்த்தது. அதாவது இது உன் குணக்கேடு இல்லை. இதை அப்பாவிடம் நான்கு தடவை சொன்ன பிறகுதான் அவருக்குச் சமாதானம் ஆனது.

சரி, சட்டைக்கு வருகிறேன். அவன் செய்தது தப்பு. அதை நீ விழுங்கிவிடக் கூடாது. நடந்ததை இன்சிடென்ட் ரிப்போர்ட்டாக ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தாயா என்று கேட்டதற்கு மழுப்பினாய். எழுதிக் கொடு. ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்களைத் தாக்கினால் தண்டிக்க 2008-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தாயிற்று. அது டாக்டருக்கு மட்டுமில்லை, நர்ஸுக்கும் சேர்த்துத்தான். கனிவாக இருப்பது என்றால் அடி வாங்கிக்கொண்டு சிரிப்பது என்று எவனாவது வகுப்பெடுத்தால் நம்பாதே.

ஆனால் ரிப்போர்ட் எழுதி முடித்த பிறகு ஒன்றை யோசித்துப் பார். அன்றைக்குக் காலையிலிருந்து அவனிடம் யார், என்ன சொல்லியிருந்தார்கள்? நீ சொன்ன கதைப்படி பார்த்தால், ரவுண்ட்ஸ் முடியட்டும் என்றார்கள், அப்புறம் டாக்டர் வருவார் என்றார்கள், அப்புறம் கதவு மூடிவிட்டது. அவன் அப்பா உள்ளே. அவன் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில். பகல் முழுக்க ஒரு தகவலும் இல்லை.

சுனாமி வந்த அன்றைக்கு நான் டூட்டியில் இருந்தது உனக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். குளச்சல் பக்கமிருந்தும் மணக்குடிப் பக்கமிருந்தும் ஆட்களை ஏற்றிக்கொண்டு வேனும் மீன் வண்டியுமாக வந்துகொண்டே இருந்தது. சாதாரணமாக நான் அதைப் பற்றிப் பேசுவதில்லை. இப்போதும் முழுக்கச் சொல்லப் போவதில்லை. எங்கள் ஹெட் சிஸ்டர் அன்று செய்த ஒரு காரியத்தை மட்டும் சொல்கிறேன்.

உள்ளே ஆள் போதாது. ஆனாலும் அவர் ஒரு நர்ஸைப் பிரித்து வாசலில் உட்காரவைத்தார். என்னைத்தான். கையில் ஒரு கோடு போட்ட நோட்டு. தேடி வருகிறவர்கள் சொல்கிற பெயர், வயது, ஊர், என்ன நிறத்தில் உடுப்பு என்று எழுத வேண்டும். வண்டி வந்து இறக்கியதும் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து ஒவ்வொருவரிடமும் சொல்ல வேண்டும். ஆள் கிடைத்தால் மட்டுமில்லை, கிடைக்காவிட்டாலும் போய்ச் சொல்ல வேண்டும். அதுதான் அவர் உத்தரவு. எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. சொல்ல ஒன்றும் இல்லாதபோது போய் என்னத்தைச் சொல்ல?

ஒரு அம்மை வந்தார். முட்டு வரை சேறு. "எனக்க மொவன் வந்தானா பிள்ளே" என்று கேட்டார். எழுதிக்கொண்டேன். உள்ளே பார்த்துவிட்டு வந்து, "இந்த வண்டியில வரல அம்மா. அடுத்த வண்டி வந்ததும் பாத்துட்டு நானே வந்து சொல்லுதேன். நீங்க இந்தத் தூண் பக்கம் இருங்க, எனக்கு உங்களைத் தேட வேண்டாம்" என்றேன். அடுத்த வண்டி வந்தது. அதிலும் இல்லை. போய்ச் சொன்னேன். அதற்கடுத்ததிலும் இல்லை. போய்ச் சொன்னேன். அவர் கத்தவில்லை. கூட்டத்தை இடித்துக்கொண்டு உள்ளே ஓடவும் இல்லை. தூண் பக்கம் இருந்தார், அவ்வளவுதான். அந்த வாசலில் அன்று அழுகை இருந்தது, அடிதடி இல்லை. வார்டுக்குள் இருந்தவர்களுக்கு வேலை செய்ய இடம் கிடைத்ததே அதனால்தான். அந்தப் பையன் கிடைத்தானா என்று கேட்காதே.

அந்த ஹெட் சிஸ்டருக்கு இதெல்லாம் எந்தப் பாடத்திலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. தகவல் இல்லை என்று போய்ச் சொல்வதும் ஒரு தகவல்தான் என்பதை நான் அங்கேதான் கற்றேன். இதைத்தான் உனக்கும் சொல்ல நினைக்கிறேன். கனிவாகப் பேசுவது வேலைக்கு மேலே வைக்கிற கூடுதல் சுமை என்று நீங்கள் இளசுகள் நினைக்கிறீர்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை கதவைத் திறந்து ரெண்டு வாக்கியம் சொல்லிவிட்டு வந்தால், சாயங்காலம் சட்டையைப் பிடிக்க வருகிற கை பாதி குறையும். அப்போது இறங்குவது உன் பிரஷர்தான்.

என்ன சொல்வது என்று கேட்பாய். "பயப்படாதீங்க", "ஒண்ணும் ஆகாது" — இந்த ரெண்டையும் விட்டுவிடு. நோயாளியிடம் பொய்யாகத் தைரியம் சொல்வது அவரை வதைப்பது என்று, நம் நர்ஸ் வேலைக்கே வழி போட்ட நைட்டிங்கேல் அம்மையார் 1859-லேயே திட்டித் தீர்த்திருக்கிறார். நோயாளிக்குக் கேட்கிற தூரத்தில் நின்று குசுகுசுவென்று பேசுவதையும் சேர்த்து. அதற்குப் பதிலாகக் கண்ணுக்குத் தெரிகிறதைச் சொல்: "தொண்டையில குழாய் இருக்கு, அதனால அப்பாவால பேச முடியாது. மயக்க மருந்து போகுது. ஆனா நீங்க பேசுறது காதுல விழலாம். கையைப் பிடிச்சுப் பேசுங்க, இந்த ஒயர்ல கை பட்டாப் பரவாயில்ல." பயத்தில் இருக்கிறவனுக்குக் கையில் ஒரு வேலை கொடுத்தாய் என்றால் பாதி தேறிவிடுவான்.

பக்கத்து வீட்டு மாமி இப்போது நெய்யூருக்கு கேன்சர் வைத்தியத்துக்குப் போய்வருகிறார். கதிர்வீச்சு என்றதும் கரண்டு வைக்கப் போகிறார்கள் என்று நினைத்து ரெண்டு நாள் சாப்பிடவில்லை. அங்கே ஒரு சின்னப் பெண், "மாமி, அறையில தனியாத்தான் படுக்கணும், ஆனா நாங்க கேமராவுல பாத்துட்டே இருப்போம். மிஷின் உங்களைச் சுத்தி நகரும், சத்தம் கேக்கும், உடம்புல படாது, வலிக்காது. கையைத் தூக்கினா உடனே நிறுத்திட்டு வந்துருவேன்" என்று சொல்லியிருக்கிறாள். மாமி அதை எனக்கு ஒப்பித்தே காட்டினார். அந்தப் பெண் சிரித்தாளா என்று கேட்டேன். "அது ஞாபகம் இல்ல" என்றார்.

உன் ஆஸ்பத்திரியில் சிரிக்கச் சொல்லி வகுப்பு எடுக்கிறார்கள் என்றாயே, அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

கெட்ட செய்தி சொல்வது டாக்டரின் வேலை. அதை நீ தலையில் எடுத்துப் போட்டுக்கொள்ளாதே. ஆனால் அவர் சொல்லும்போது பக்கத்தில் நில், அவர் போன பிறகும் கொஞ்சம் நில். "கஷ்டம்" என்ற வார்த்தை விழுந்ததுமே கேட்கிறவனுக்குக் காது அடைத்துவிடும், பிறகு டாக்டர் சொன்னது எதுவும் ஏறியிருக்காது. "டாக்டர் சொன்னதுல உங்களுக்கு என்ன புரிஞ்சுது?" என்று கேள். "புரிஞ்சுதா" என்று மட்டும் கேட்காதே, எல்லாரும் தலையாட்டிவிடுவார்கள்.

உள்ளே படுத்திருக்கிறவர்களிடமும் பேசு. ஐ.சி.யு.வில் பகலும் இரவும் தெரியாமல் வயசானவர்கள் புத்தி தடுமாறி டியூபைப் பிடுங்குகிறார்கள் என்று சலித்துக்கொண்டாய். கட்டிப்போடுவதற்கு முன்னால் அவர் மூக்குக்கண்ணாடியும் காது மிஷினும் எங்கே என்று பார். பெரும்பாலும் வீட்டுக்குக் கொடுத்து அனுப்பியிருப்பீர்கள். கண்ணும் தெரியாமல் காதும் கேட்காமல் படுத்திருந்தால் எனக்கே புத்தி பிசகும். "ஐயா, இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி, நீங்க ஆஸ்பத்திரியில இருக்கீங்க, என் பேரு இன்னது" என்று ஒவ்வொரு ஷிஃப்டிலும் சொல்லு. அப்புறம் பெயர் சொல்லிக் கூப்பிடு. அதுகூட உனக்காகத்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டவரை நாலாம் நம்பர் என்று நினைப்பது கஷ்டம். ஒரு விஷயம், நம்ம நாகர்கோவில் வேகத்தில் பேசாதே. மெட்ராஸ்காரர்களுக்குப் பாதி விளங்காது.

நடுராத்திரி பெரிய டாக்டரைப் போனில் எழுப்புவதற்கே உனக்கு வயிறு கலங்குகிறது என்றாய். விஷயத்தை வரிசையாகச் சொல்கிற எஸ்பார் (SBAR) முறை படித்திருக்கிறாய் அல்லவா? இப்போது என்ன, முன்னால் என்ன நடந்தது, நான் என்ன நினைக்கிறேன், நீங்கள் என்ன செய்ய வேண்டும் — இந்த நாலையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு நம்பரை அழுத்து. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பலில் இருந்து ஆஸ்பத்திரிக்கு வந்த முறை அது. கோபக்கார கேப்டன்கள் அங்கேயும் இருந்திருப்பார்கள் போல.

ஆஸ்பத்திரியில் உங்களுக்குக் கற்றுக்கொடுக்கிற மூச்சுப் பயிற்சியைப் பற்றிக் கிண்டல் செய்தாய். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கினால் நெஞ்சுத் துடிப்பு இறங்கும், அது உடம்பின் ஏற்பாடு. கதவைத் திறக்கும் முன் நாலைந்து தடவை செய், காசா பணமா. ஆனால் வெண்டிலேட்டரில் இருக்கிற ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பதுதான் முறை. உன்னிடம் மூன்று பேரைக் கொடுத்துவிட்டு மூச்சு விடக் கற்றுக்கொடுத்தால் அது வைத்தியம் இல்லை, ஏமாற்று. அதை எழுத்தில் கேளுங்கள். நீ தனியாகக் கேட்காதே, நாலு பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

வேலையை எங்கே இறக்கி வைப்பது என்று ஒரு இடம் வேண்டும். அந்த ஹெட் சிஸ்டர் டூட்டி முடிந்ததும் குழாயடியில் முகம், கை, கால் கழுவிவிட்டு, வடசேரி பஸ் ஸ்டாண்டில் ஒரு முழம் பிச்சிப்பூ வாங்கித் தலையில் வைப்பார். அதுவரைக்கும் வார்டுப் பேச்சு எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், அழலாம், திட்டலாம். பூ வைத்த பிறகு ஒரு வார்த்தை பேசக் கூடாது. நாங்களும் பேச மாட்டோம். நீ பூ வைக்க வேண்டாம், உனக்கு ஏற்ற மாதிரி எதையாவது வைத்துக்கொள்.

நைட் டூட்டி முடிந்து பைக் ஓட்டாதே, மெட்ரோவில் போ. இது கெஞ்சல் இல்லை, கட்டளை. தூங்கும் அறைக்குக் கறுப்புத் திரை போடு. விடியற்காலை நாலு மணி டீயை நிறுத்து. அப்புறமும் மரத்துப்போனதுபோலவே இருந்தால் 14416-க்குப் பேசு. டெலி மானஸ் என்று 2022-ல் மத்திய அரசு தொடங்கியது, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். ஸ்டாஃப் நர்ஸ் போய் இதற்கெல்லாம் பேசுவதா என்று வெட்கப்படாதே. நர்ஸுக்குக் காய்ச்சல் வந்தால் மாத்திரை போடுவதில்லையா?

சேர்ந்ததிலிருந்து ஒழுங்காக லீவு எடுக்கவில்லை என்று உன் கூடப் படித்தவன் இங்கே வந்தபோது சொல்லிவிட்டான், அவனைத் திட்டாதே. லீவை எழுதிக் கொடு. கன்னியாகுமரி எக்ஸ்பிரஸோ அனந்தபுரியோ, எதில் இடம் இருக்கிறதோ அதில் அப்பா டிக்கெட் போடுவார். எந்தத் தேதி என்று மட்டும் இந்த வாரத்துக்குள் சொல்லு. வெயிட்டிங் லிஸ்ட் இப்போதே ஏறிக் கிடக்கிறதாம்.

அன்புடன்,
அம்மா