இட்லி என்றால் என்ன என்று என் மகளுக்குத் தெரியும்

அமெரிக்காவில் சிறுவர்களுக்காக ஆங்கிலத்தில் எழுதும் நம் தமிழ் எழுத்தாளர்களுக்கு,

வணக்கம். என் மகளுக்கு ஒன்பது வயது. படக்கதைகளைத் தாண்டிவிட்டாள், தடித்த நாவல்களுக்கு இன்னும் பொறுமை இல்லை. எண்பது, நூறு பக்கத்தில், சின்னச் சின்ன அத்தியாயங்களாக, நடுநடுவே படத்தோடு வருமே 'சாப்டர் புக்', அதில்தான் இப்போது குடியிருக்கிறாள். போன மாதம் நூலகத்திலிருந்து திரும்பும்போது கேட்டாள்: "அம்மா, கதையில வர்ற இந்தியப் பொண்ணு ஏன் எப்பப் பார்த்தாலும் தீபாவளியே கொண்டாடுறா?"

அந்தக் கேள்விதான் இந்த மடலை எழுத வைத்தது.

1965இல் நான்சி லாரிக் என்ற கல்வியாளர், அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் இங்கே வெளியான 5,206 சிறுவர் நூல்களைக் கணக்கெடுத்தார். கறுப்பினத்தவர் ஒருவராவது வந்தவை 6.7 சதவீதம்தான். அரை நூற்றாண்டு கழித்து, 2015இல், நியூ ஜெர்சிச் சிறுமி மார்லி டயஸ், பள்ளியில் தருவதெல்லாம் வெள்ளைக்காரப் பையன்களும் அவர்களுடைய நாய்களும்தானா என்று சலித்துப்போய், கறுப்பினச் சிறுமிகள் நாயகிகளாக வரும் ஆயிரம் புத்தகங்களைத் திரட்டக் கிளம்பினாள். இன்று நம் பெண்கள் அட்டைப்படத்தில் சிரிக்கிறார்கள் என்றால், அந்தப் போராட்டத்துக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம்.

பிள்ளைக்குப் புத்தகம் ஜன்னலாகவும் இருக்க வேண்டும், தன் முகத்தையே பார்க்கும் கண்ணாடியாகவும் இருக்க வேண்டும் என்றார் சிறுவர் இலக்கிய ஆய்வாளர் ருடின் சிம்ஸ் பிஷப், 1990இல். நாம் பெரும்பாலும் ஜன்னல்தான் செய்கிறோம், அடுத்த வீட்டுப் பிள்ளை எட்டிப் பார்ப்பதற்கு. இட்லி என்றால் என்ன என்று பாட்டி விளக்கும் பத்தி யாருக்காக?

என் மகள் தேடுவது வேறு. நீச்சல் வகுப்பில் அவள் கையில் இருக்கும் முடியை ஒருத்தி உற்றுப் பார்த்தாள். உயிர்த்தோழி திடீரென்று வேறொருத்தியோடு உட்கார்ந்துவிட்டாள். அப்புறம், அவள் வகுப்பிலேயே ஒரு பிள்ளை வயதுக்கு வந்துவிட்டாள். யாருக்கும் தெரியக் கூடாது என்று அந்தப் பிள்ளை அழ, அதற்குள் அம்மா மதுரைக்கு போன் போட்டு அத்தை, சித்தி எல்லோருக்கும் சொல்லியாயிற்று. தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாளையும் குறித்துவிட்டார்கள். இதில் எத்தனை அத்தியாயம் இருக்கிறது, சொல்லுங்கள்!

நிறத்தையும் எழுதுங்கள். பள்ளிக்கூடத்தில் யாரோ சொன்னதை மட்டும் எழுதினால் பாதிதான். "வெயில்ல ஆடாதடி, கறுத்துப் போயிடுவ" என்பது நம் வீட்டு வீடியோ காலில் வருகிறது. சொல்பவள் கெட்டவள் இல்லை. பேத்தி மேல் உயிரையே வைத்திருக்கும் பாட்டி. அந்தப் பாட்டியை வெறுக்காமல், அந்தச் சொல்லையும் மன்னிக்காமல் ஒன்பது வயதுக்குப் புரிகிற மாதிரி எழுதுவது கஷ்டம் என்று தெரியும். அதை உள்ளே இருந்து எழுத உங்களால் முடியும்.

பதிப்பாளர் பண்டிகை கேட்டால் ஒரு அத்தியாயத்தில் வைத்துக்கொள்ளுங்கள், சரி. மற்ற ஒன்பதையும் அவளுக்குக் கொடுங்கள்.

கொஞ்சம் சீக்கிரம் எழுதுங்கள். மார்ச்சில் அவளுக்குப் பத்து முடிகிறது.

அன்புடன்,
ஒரு அம்மா, நியூ ஜெர்சி