ஈரக் கம்பளியும் ஊசியும் ஒரே மேசையில் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

"இரண்டே மணி நேரத்தில் ஈர ஃபெல்டிங், ஊசி ஃபெல்டிங் இரண்டும் கற்கலாம், செய்த பொருளைக் கையோடு எடுத்துச் செல்லலாம்" என்கிற மாதிரியான பயிலரங்கு அறிவிப்புகள் கைவினைப் பக்கங்களில் அடிக்கடி கண்ணில் படுகின்றன. ஃபெல்டிங் என்பது கம்பளி இழைகளை நெய்யாமல், ஒன்றோடொன்று சிக்கவைத்து இறுக்கித் துணியாகவோ உருவமாகவோ ஆக்கும் வேலை. சோப்பு நீரில் தேய்த்துச் செய்வது ஈர முறை, முள் வைத்த ஊசியால் குத்திச் செய்வது ஊசி முறை. இதைக் கற்றுத்தருகிறவர்களுக்கு இந்த அறிவிப்புகள் மனவருத்தம் தருகின்றன. ஆசையோடு வருகிறவர்கள் பாதி வெந்த பொருளோடு வீட்டுக்குப் போகிறார்கள். நாலு நாள் புழங்கியதும் ஓரம் பிரிகிறது, பஞ்சு கிளம்புகிறது, "கம்பளி வேலை நமக்கு ஒத்துவராது" என்று விட்டுவிடுகிறார்கள். அவர்கள் கையில் ஒரு குறையும் கிடையாது. ஈர முறைக்கு ஒரு நாள், செய்தது நன்றாகக் காய்ந்தபின் ஊசி முறைக்கு இன்னொரு நாள் என்று பிரித்தாலே பாதிச் சிக்கல் தீரும். அதற்கான காரணங்களைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல இடம் தர வேண்டுகிறோம்.

ஆட்டுக் கம்பளியின் ஒவ்வொரு இழைமேலும் ஓடு வேய்ந்ததுபோலச் செதில்கள் அடுக்கியிருக்கும். வெந்நீரும் சோப்பும் பட்டதும் இழை வழுவழுப்பாகும், செதில்கள் சற்றே எழும்பும். அப்போது தேய்த்தால் இழை வேர்முனைப் பக்கமாக நகரும். செதில் தடுப்பதால் வந்த வழியே திரும்பாது. ஆயிரக்கணக்கான இழைகள் இப்படி ஒன்றுக்குள் ஒன்று புகுந்து இறுகுவதுதான் ஈர முறை. ஊசி முறையில் செதிலுக்கு வேலை குறைவு. முக்கோண ஊசியின் மூன்று விளிம்புகளிலும் வெட்டிய நுண்ணிய முட்கள், குத்தும்போது இழைகளைப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டு, வெளியே வரும்போது விட்டுவிடும். இந்த வேறுபாட்டை முதல் பத்து நிமிடத்தில் சொல்லிவிட்டால் பின்னால் எழும் பல கேள்விகளுக்கு விடை தானே வந்துவிடும். அக்ரிலிக் என்னும் செயற்கை நூலிழையை ஊசியால் குத்தி இறுக்க முடியும், சோப்பு நீரில் நாள் முழுக்கத் தேய்த்தாலும் அது ஃபெல்ட் ஆகாது. 'சூப்பர்வாஷ்' கம்பளியும் அப்படித்தான். மெஷினில் துவைத்தால் சுருங்கக் கூடாது என்பதற்காகவே அதன் செதிலைக் கரைத்தோ பூச்சு பூசியோ மழுக்கியிருப்பார்கள்.

ஆகவே பயிலரங்குக்கு முன் ஒவ்வொரு மூட்டைக் கம்பளியிலிருந்தும் ஒரு சிட்டிகை எடுத்து, சோப்பு நீர் தொட்டு உள்ளங்கையில் ஐந்து நிமிடம் உருட்டிப் பார்க்க வேண்டும். உருண்டை பிடிக்காத கம்பளி ஈர வகுப்புக்கு ஆகாது. வெளுத்த வெள்ளைக் கம்பளி சில நேரம் ஏமாற்றும் என்பதால் அதைக் கட்டாயம் சோதியுங்கள். ஈர முறைக்கு, மெரினோ ஆட்டின் மெல்லிய கம்பளி, இழையின் தடிமன் 19 முதல் 23 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை உள்ளது, இழைகள் ஒரே திசையில் ஓடும்படி வாரிய 'டாப்ஸ்' வடிவில் இருந்தால் புதியவர்களுக்கு எளிது. ஊசி முறைக்கு நேர்மாறு: இழைகள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும் 'கார்டு' செய்த கம்பளி, கொரிடேல் என்னும் ஆட்டினத்தின் கம்பளிபோலச் சற்று முரடாக இருந்தால் சீக்கிரம் இறுகும். மெரினோ டாப்ஸைக் கொடுத்து உருண்டை குத்தச் சொன்னால் ஒரு மணி நேரம் குத்தினாலும் மேலே கோடு கோடாக இழை தெரியும். இரண்டு முறைகளையும் ஒரே அமர்வில் திணிக்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே கம்பளியை இரண்டுக்கும் தருகிறார்கள். அங்கேயே முதல் கோணல்.

முதல் நாள் பூவும் வேண்டாம், பையும் வேண்டாம். 30 செ.மீ. சதுரம் ஒன்று போதும். ஆளுக்கு 24 கிராம் கம்பளியை 6 கிராம் வீதம் நான்கு குவியலாக முன்கூட்டியே நிறுத்து வையுங்கள். ஒரு குவியல் ஓர் அடுக்கு. டாப்ஸைக் கத்தரியால் வெட்டக் கூடாது, வெட்டிய முனை மொட்டையாகி இணையாது. கற்றையை ஒரு கையால் தளர்வாகப் பிடித்து, மறு கையின் விரல்நுனியால் மெல்லிய கீற்றாக உருவ வேண்டும். புதியவர்களில் பலர் இரண்டு கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இழுத்துவிட்டு, "வரவே மாட்டேன் என்கிறது" என்பார்கள். இழையின் நீளம் 7, 8 செ.மீ. இருக்கும், இரண்டு கைகளும் அதே இழையின் இரு முனைகளைப் பிடித்திருந்தால் எப்படி வரும்? கைகளுக்கு இடையே ஒரு சாண் விட்டால் வெண்ணெய்போலப் பிரிந்து வரும். கீற்றுகளை ஓடு அடுக்குவதுபோல மூன்றில் ஒரு பங்கு மேலேறும்படி வைத்து, முதல் அடுக்கு நெடுக்கு, அடுத்தது குறுக்கு என்று மாற்றி மாற்றிப் பரப்ப வேண்டும். ஒவ்வோர் அடுக்கு முடிந்ததும் உள்ளங்கையால் மெல்ல அழுத்திப் பாருங்கள். பள்ளம் தட்டுப்படும் இடத்தில்தான் பின்னால் ஓட்டை விழும். கண்ணுக்குத் தெரியாத பள்ளம் கைக்குத் தெரியும். இந்த வேலைக்கு மட்டும் முப்பது, நாற்பது நிமிடம் ஆகும். அவசரப்படுத்தக் கூடாது. மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்காருங்கள்.

ஒரு லிட்டர் கைசூட்டு நீருக்கு, துருவிய ஆலிவ் எண்ணெய்ச் சோப்பு ஒரு மேசைக்கரண்டி கரைத்தால் போதும். எடுத்த எடுப்பில் கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் மேற்பரப்பு முதலில் இறுகி உள் அடுக்குகள் தனியாக நின்றுவிடும். கம்பளிமேல் நைலான் வலையை விரித்து, நீரைத் தெளித்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக அழுத்திக் காற்றை வெளியேற்றுங்கள். எங்காவது மேடாக நின்றால் அங்கே நீர் சேரவில்லை என்று பொருள். சோப்பு குறைந்தால் கை பிடித்து இழுக்கும், இழை கையோடு வரும். கூடினால் நுரையில் இழைகள் மிதந்து ஒன்றையொன்று தொடாமலே இருக்கும். கை வழுக்க வேண்டும், நுரை பொங்கக் கூடாது. பொங்கினால் ஸ்பாஞ்சால் ஒற்றி எடுங்கள். முதல் ஐந்து நிமிடம் கையின் எடை மட்டும் போதும், அழுத்தம் வேண்டாம். ஆர்வக்கோளாறில் அழுத்தித் தேய்த்தால் அடுக்குகள் இடம்பெயர்ந்து சுருக்கம் விழும். அந்தச் சுருக்கம் பிறகு போகாது. வலையை இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை தூக்கி வையுங்கள். மறந்துவிட்டால் இழைகள் வலைக்கண் வழியே ஏறி வலையும் கம்பளியும் ஒன்றாகிவிடும்.

எப்போது அடுத்த கட்டத்துக்குப் போவது என்பதை கடிகாரம் சொல்லாது, கிள்ளிப் பார்த்தால் தெரியும். விரலிடுக்கில் மேல் இழையைச் சிறிது பிடித்து உயர்த்துங்கள். இழை மட்டும் நூலாக எழுந்தால் இன்னும் தேய்க்க வேண்டும். அடியிலுள்ள அடுக்கையும் சேர்த்துத் தோல்போலத் தூக்கிக்கொண்டு வந்தால் சுருட்டலாம். ஒவ்வொருவர் விரலும் இதை ஒருமுறையாவது உணர வேண்டும். பயிற்றுநர் தொட்டுப் பார்த்து "சரி" என்று சொல்லிவிட்டு நகர்ந்தால், வீட்டில் தனியாகச் செய்யும்போது அவர்களுக்கு எதுவும் கைவசம் இருக்காது. நேரம் போதவில்லை என்று பங்கேற்பாளரின் துணியை வாங்கித் தானே உருட்டி முடித்துக் கொடுக்கும் பழக்கமும் இப்படித்தான் வருகிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். முடிக்காத சதுரத்தோடு போனாலும் பரவாயில்லை, அவர் கை கற்றது அவரிடம் இருக்கும்.

பபிள் ரேப்பில் (காற்றுக் குமிழ் வைத்த பிளாஸ்டிக் தாள்) வைத்துச் சுருட்டி 100 முறை உருட்டி, பிரித்து, இழுத்துச் சீராக்கி, கால்வட்டம் திருப்பி மறுபடி 100. இப்படி நான்கு பக்கமும். ஒரே திசையில் 400 முறை உருட்டினால் அந்தத் திசையில் மட்டும் சுருங்கிச் சதுரம் நீள்சதுரமாகும். இதன்பிறகுதான் நல்ல வெந்நீர். தோய்த்துப் பிழிந்து மேசைமேல் சில முறை எறிந்தால் கண்ணெதிரே சுருங்கும், மேற்பரப்பு பொடிப்பொடியாக மேடிடும். சோப்பு போக அலசி, கடைசி அலசலில் லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வினிகர் விட வேண்டும். தங்கிவிட்ட சோப்பின் காரத்தன்மை நாளடைவில் இழையைக் கெடுக்கும்.

காய்ந்தபின் அளந்தால் 30 செ.மீ. ஏறக்குறைய 20 ஆகியிருக்கும். 30-ஐ 20-ஆல் வகுத்தால் 1.5. இந்த எண்ணுக்காகத்தான் இவ்வளவு பாடு. அடுத்த முறை 24 செ.மீ. அகலப் பை வேண்டுமென்றால் 24-ஐ 1.5-ஆல் பெருக்கி 36 செ.மீ.க்கு பரப்ப வேண்டும் என்பது அவர்களுக்கே தெரிந்துவிடும். நீளம், அகலம் இரண்டையும் தனித்தனியே அளக்கச் சொல்லுங்கள். கம்பளியின் எடை, அடுக்கு எண்ணிக்கை, தொடக்க அளவு, முடிவு அளவு நான்கையும் ஒரு சீட்டில் எழுதிச் சதுரத்தோடு கட்டி அனுப்பினால், எந்தப் பூவையும் பொம்மையையும்விட அது நெடுநாள் உதவும்.

இதற்கே மூன்று மணி நேரம் ஓடிவிடும். கைகள் ஊறி, தோள் வலித்து உட்கார்ந்திருப்பவரிடம் ஊசியைக் கொடுப்பது ஆபத்து. தவிரவும் ஃபெல்டிங் ஊசி எஃகு. ஈரம் பட்டால் துருப்பிடிக்கும். துருவேறிய ஊசி கம்பளியில் சிக்கி ஒடியும், வெள்ளைக் கம்பளியில் கறை வைக்கும். சோப்புக் கையில் ஊசி வழுக்கும். சதுரம் காயவும் ஒரு நாளாவது ஆகும். அது காய்ந்தபின் அதையே இரண்டாம் நாள் கையில் கொடுத்து, அதன்மேல் ஊசியால் இலையோ கோலமோ பதிக்கச் சொல்லலாம். முதல் நாள் வேலை வீணாகாமல் இரண்டாம் நாள் பாடமாகிறது.

ஊசி முறையைத் தொன்மையான கலை என்று அறிமுகம் செய்வதையும் பார்க்கிறோம், அது சரியில்லை. ஈர ஃபெல்ட் மிகப் பழையது. சைபீரியாவின் அல்தாய் மலையிலுள்ள பசிரிக் என்ற இடத்துக் கல்லறைகளில் கிடைத்த ஃபெல்ட் அன்னங்கள் 2,000 ஆண்டுகளுக்கும் மேல் பழையவை, இன்றும் ரஷ்யாவின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஊசியோ ஆலை இயந்திரங்களுக்காகச் செய்யப்பட்டது. அதைக் கையில் எடுத்து உருவங்கள் செய்யும் வழக்கம் 1980-களில் அமெரிக்காவின் எலினோர், டேவிட் ஸ்டான்வுட் தம்பதியிடமிருந்து பரவியது. வகுப்பில் இதைச் சொல்வதற்கு ஒரு பயன் உண்டு. இயந்திரம் ஊசியை நேராக இறக்கி நேராக எடுக்கும். பக்கவாட்டு விசையைத் தாங்க அந்த ஊசி செய்யப்படவில்லை. எந்தக் கோணத்தில் நுழைந்ததோ அதே கோணத்தில் வெளியே வர வேண்டும். உள்ளே இருக்கும்போது நெம்பினால் 'டிக்' என்று ஒடியும். ஒடிந்த நுனியைக் கண்டெடுக்கும்வரை அந்த வேலையைத் தொடரக் கூடாது. மேசையில் ஒரு காந்தம் வைத்திருங்கள், நுனி மேலாகக் கிடந்தால் ஒட்டிக்கொள்ளும்.

ஊசி எண் ஏற ஏற ஊசி மெலியும். 36 முரட்டு வேலைக்கு, 38 பொதுவாக எல்லாவற்றுக்கும், 40 மேற்பரப்பை நேர்த்தியாக்க. புதியவருக்கு 38-ம் 40-ம் போதும். 5 செ.மீ. கனமுள்ள கெட்டியான ஃபோமின்மேல் வைத்து, 5 கிராம் கம்பளியில் 4 செ.மீ. உருண்டை செய்வது நல்ல முதல் பாடம். தொடக்கத்திலேயே கம்பளியை இறுக்கிச் சுருட்ட வேண்டும். தளர்வாகச் சுருட்டியதைக் குத்தினால் மடிப்புகள் அப்படியே நிற்கும். முதலில் மையம்வரை ஆழமாகக் குத்தி நடுவை இறுக்கி, உருண்டை கெட்டியாக ஆக ஆழத்தைக் குறைக்க வேண்டும். மேலோடு மட்டும் குத்தினால் வெளியே ஓடும் உள்ளே பஞ்சுமாக ஆகிவிடும். அழுத்தினால் அமுங்கும். ஒவ்வொரு சில குத்துக்கும் உருண்டையைத் திருப்பி, ஃபோமிலிருந்து பெயர்த்து வைக்காவிட்டால் அடிப்பக்கம் ஃபோமோடு ஒட்டிக்கொள்ளும். காதைக் கொடுத்துக் கேளுங்கள்: சரியாக இறுகும் கம்பளியில் ஊசி இறங்கும்போது மணலில் நடப்பதுபோல மெல்லிய நறநறப்பு கேட்கும். சத்தமே இல்லையென்றால் கம்பளி இன்னும் தளர்வு, அல்லது ஊசியின் முட்கள் தேய்ந்துவிட்டன.

பொம்மையின் காது கழன்று விழுகிறது என்பது அடிக்கடி வரும் புகார். காதை முழுவதும் இறுக்கிவிட்டுப் பொருத்தப் பார்ப்பதுதான் காரணம். அடியில் 2 செ.மீ. இழையைக் குத்தாமல் பஞ்சாகவே விட்டு, அதைத் தலைமேல் விரித்து வைத்துக் குத்தினால் பிடித்துக்கொள்ளும்.

விரலில் குத்துவது பெரும்பாலும் பேசிக்கொண்டே நிமிர்ந்து பார்க்கும் நொடியில்தான். பேச வேண்டுமென்றால் ஊசியை ஃபோமில் செருகிவிட்டுப் பேசுங்கள் என்பதை விதியாகவே வையுங்கள். தோல் விரலுறை தரலாம். ஊசிகளை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். ஒரு பயிற்றுநருக்கு எட்டுப் பேருக்கு மேல் ஊசி வகுப்பு வேண்டாம். எட்டு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்கு ஊசியே வேண்டாம். அவர்கள் சோப்பு நீரில் உருண்டை பிடிக்கட்டும், அதிலேயே மகிழ்வார்கள்.

ஆசிரியர் அவர்களே, பயிலரங்கு அறிவிப்புகளை வெளியிடும்போது எத்தனை மணி நேரம், ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர், ஊசி உண்டா என்ற மூன்று விவரங்களையும் நடத்துகிறவர்களிடம் கேட்டு அச்சிட்டால், வர நினைப்பவர்கள் தங்களுக்கு ஏற்றதைத் தாங்களே பார்த்துத் தேர்ந்துகொள்ள முடியும்.

இப்படிக்கு,
கம்பளிக் கைவினை கற்றுத்தரும் பயிற்றுநர்கள் சிலர்