'முழு மூங்கில்' அலமாரியும் 'விஓசி அற்ற' பெயிண்டும் குறித்த புகார்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: சூழலுக்கு உகந்தவை என்று விற்கப்பட்ட பொருள்களில் உள்ள குறைபாடு – அலமாரியைத் திரும்பப் பெறவும் பணத்தைத் திருப்பித் தரவும் கோருதல் தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். வீட்டின் படிப்பறையை இயன்றவரை சூழலுக்குக் கேடில்லாத பொருள்களைக் கொண்டே அமைக்க விரும்பி, சென்ற மாதம் தங்களிடமிருந்து 'முழு மூங்கில்' அலமாரி ஒன்றையும் 'விஓசி அற்ற' (எளிதில் ஆவியாகிக் காற்றில் கலக்கும் கரிமச் சேர்மங்கள் இல்லாத) சுவர் பெயிண்ட் இரண்டு வாளிகளையும் வாங்கினேன். தாங்கள் சொன்னது ஒன்றாகவும் வீட்டுக்கு வந்து சேர்ந்தது வேறொன்றாகவும் இருப்பதால் இக்கடிதத்தை எழுத நேர்ந்தது.

அலமாரிக் கதவை முதல்முறை ஈரத்துணியால் துடைத்தபோதே அதன் கீழ்விளிம்பு உப்பி, நகம் நுழையும் அளவுக்குப் பிரிந்துவிட்டது. இழுத்துப் பார்த்ததில் மூங்கில் வரிகள் அச்சிட்ட மெல்லிய தாள் உரிந்து வந்தது. அதற்கடியில் இருந்தது பழுப்பு நிற எம்.டி.எஃப். பலகை, அதாவது மரநாரைப் பிசினால் ஒட்டி அழுத்திச் செய்த பலகை. அதன் பிறகுதான் கதவை உற்றுப் பார்த்தேன். ஒரே கணு, அதே வளைவோடும் அதே கரும்புள்ளியோடும், இரண்டு சாணுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வருகிறது. எந்த மூங்கிலும் அப்படி வளர்வதில்லை. அந்த அலமாரியில் மூங்கில் என்று சொல்லத்தக்கவை கைப்பிடிகள் இரண்டு மட்டுமே.

கதவைத் திறந்தால் கண் கரிக்கும் அளவுக்கு நெடி வீசுகிறது. இத்தகைய பலகைகளில் மரநாரை ஒட்டவைக்கப் பெரும்பாலும் யூரியா-ஃபார்மால்டிஹைடு பிசினே பயன்படுகிறது என்பதும், வெப்பமும் ஈரப்பதமும் கூடும்போது அதிலிருந்து ஃபார்மால்டிஹைடு வாயு கூடுதலாக வெளியேறும் என்பதும் தங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியவை அல்ல. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. வீட்டுக்குள் இருக்கும் காற்றில் அது ஒரு கன மீட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது உலக சுகாதார நிறுவனம் 30 நிமிடச் சராசரியாக வகுத்த வழிகாட்டு அளவு. என் அலமாரி அந்த அளவைத் தாண்டுகிறது என்று நான் குற்றஞ்சாட்டவில்லை. அளந்து பார்க்க என்னிடம் கருவி இல்லை. ஆனால் தாண்டவில்லை என்று காட்டவேண்டிய பொறுப்பு தங்களுடையது. பலகை வெளியிடும் ஃபார்மால்டிஹைடின் அளவைக் காட்டும் 'இ1' போன்ற உமிழ்வு வகுப்புக் குறி எதுவும் பலகையிலோ பெட்டியிலோ இல்லை. பச்சை இலைப் படம் மட்டும் பெட்டியின் நான்கு பக்கமும் இருக்கிறது.

பெயிண்ட் விஷயத்தில் தங்கள் வாளி பொய் சொல்லவில்லை, பாதியை மறைக்கிறது. 'விஓசி அற்றது' என்பது வெள்ளை அடிப்படைப் பெயிண்டுக்கு மட்டுமே பொருந்தும் என்ற குறிப்பு, கைப்பிடிக்குக் கீழே, கண்ணாடி போட்டும் படிக்கச் சிரமமான எழுத்தில் உள்ளது. நான் கேட்ட அடர்பச்சைக்காகத் தங்கள் ஊழியரே நிறக்கலவையைச் சேர்த்துக் கொடுத்தார். நிறம் அடர அடரக் கலவையின் அளவும் கூடும். அதில் விஓசி இருந்தால் அதுவும் சேர்ந்தே கூடும் என்பதை அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வெள்ளையோடு நிறுத்தியிருப்பேன், அல்லது சுண்ணாம்பே அடித்திருப்பேன்.

தொலைபேசியில் கேட்டபோது, 'சூழலுக்கு உகந்தது' என்பது எல்லோரும் போடும் பொதுவான சொல்தானே என்று தங்கள் பிரதிநிதி விளக்கமளித்தார். நிறுவனங்கள் தாமாகச் செய்துகொள்ளும் சூழல் அறிவிப்புகளுக்கான ஐஎஸ்ஓ 14021 தரநிலை, இப்படிப்பட்ட பொத்தாம்பொதுவான சொற்களைப் பயன்படுத்தக் கூடாது என்றே கூறுகிறது. அந்தச் சொல்லை நம்பித்தான், இன்னும் பல ஆண்டுகள் உழைத்திருக்கக்கூடிய பழைய மர அலமாரியை வீட்டைவிட்டு வெளியேற்றினேன். அதையே தேய்த்து எண்ணெய் பூசியிருந்தால் புதிதாக எதையும் உற்பத்தி செய்யவேண்டிய தேவையே எழுந்திருக்காது என்ற வருத்தம் எனக்கு இருக்கிறது.

ஆகவே, அலமாரியைத் தங்கள் செலவில் எடுத்துச் சென்று முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டுகிறேன். பலகையின் உமிழ்வுச் சோதனை அறிக்கையையும், எனக்குக் கலந்து கொடுத்த நிறக்கலவையின் விஓசி அளவையும் எழுத்து வடிவில் அனுப்பவேண்டும். விற்பனைப் பக்கத்திலிருந்து 'முழு மூங்கில்' என்ற சொல்லை நீக்கிவிட்டு, பலகை எதனால் ஆனது என்பதை அந்த இடத்தில் குறிப்பிடவேண்டும். பெயிண்டைச் சுவரில் பூசிவிட்டதால் அதற்கான தொகையை நான் கேட்கவில்லை.

அலமாரியைப் பிரித்து, படிப்பறையிலிருந்து அகற்றி, காற்றோட்டமுள்ள வெளித்தாழ்வாரத்தில் வைத்திருக்கிறேன். உரிந்த தாளின் ஒரு துண்டையும், கணு திரும்பத் திரும்ப வரும் கதவின் புகைப்படங்களையும் இத்துடன் இணைத்துள்ளேன். 15 நாள்களுக்குள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், புகைப்படங்கள், தாள் துண்டு